லோரி ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்கு

கேரித் தீவு, தெலுக் பங்லீமா காராங், பந்திங், கிள்ளான் வட்டாரங்களில் லோரி ஓட்டி ஓய்ந்தவர்களின் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும்,



உங்கள்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அப்பா தவறியதும் தமிழ் நாளிதழுக்கு நீங்கள் கொடுக்கும் மரண அறிவித்தலில் எதுவும் விடுபடுவதில்லை. கலர் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், யார் யார் மருமக்கள், பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், கருமக்கிரியை எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்று வரிசையாக வந்துவிடுகிறது. அந்த மனிதர் முப்பது நாற்பது ஆண்டு என்ன வேலை செய்தார் என்பது மட்டும் வருவதில்லை. தலைமையாசிரியராக இருந்தவர் என்றால் பெயருக்குக் கீழேயே ‘ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்’ என்று போடுகிறோம். தோட்டத்துக் கிராணி என்றால்கூடப் போடுகிறோம். லோரி ஓட்டியவருக்கு ‘அன்புத் தந்தை’யோடு கதை முடிந்துவிடுகிறது.

செத்த பிறகு மட்டும் என்றால் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பாரத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் ‘சொந்தத் தொழில்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் உங்களில் உண்டு. சம்பந்தம் பேச வந்த வீட்டில், “அப்பா டிரான்ஸ்போர்ட் லைன்ல இருந்தாரு” என்று சொல்லி ஒப்பேற்றியவர்களும் உண்டு. டிரான்ஸ்போர்ட் லைன் என்றால் கேட்கிறவர் பத்து லோரிக்கு முதலாளி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதானே கணக்கு?

“எழுத என்ன இருக்கிறது? ஓட்டினார், வந்தார், தூங்கினார், மறுபடியும் ஓட்டினார்” என்று நீங்கள் கேட்கலாம். அவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். “என்னத்தச் சொல்றது, லோரி ஓட்டுனேன்.” நான்கே சொல்லில் முடித்துக்கொள்வார். அவர் அடக்கத்தை நீங்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் கோளாறு.

1950களில் கேரித் தீவில் பிறந்த ஒருவர் வந்த பாதையை எண்ணிப் பாருங்கள். தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் லங்காட் ஆறு. மா மெரி மக்கள் காலங்காலமாக வாழ்ந்து மரச் சிற்பம் செதுக்கும் அந்த மண்ணுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிழக்கு, மேற்கு, தெற்கு என்று திசை பார்த்துத் தோட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பள்ளிகளும் அதே திசைப் பெயரைத்தான் வாங்கிக்கொண்டன. லயத்தில் பிறந்து, திசைப் பெயர் கொண்ட பள்ளியில் படித்து, விடியற்காலைப் பெரட்டில் அப்பாவோ அம்மாவோ பெயர் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பெரும்பாலும் நேரே ஸ்டீயரிங்கில் போய் உட்கார்ந்துவிடவில்லை. முதலில் கெலிண்டான், அதாவது லோரி உதவியாள். கட்டை வைப்பது, தார்ப்பாய் கட்டுவது, பின்னால் நின்று ‘வா வா, போதும்’ என்று கை காட்டுவது. டிரைவர் அண்ணன் மனம் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கியரைத் தொட விட்டால்தான் அடுத்த படி.

அந்த ஆண்டுகளில்தான் மலேசியத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மாற்றத்தைப் பற்றி அரசாங்க அறிக்கைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அது லோரிக்காரருக்கு என்ன செய்தது என்று யாரும் எழுதவில்லை. வெட்டி இறக்கிய செம்பனைக் குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்துக்குள் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகவே வெட்டுகிறவரின் நேரமும் ஆலையின் நேரமும் சந்திக்கும் இடத்தில் லோரிக்காரர் நின்றார். இரண்டு பக்கத்துக் கோபமும் அவர்மேல்தான் வந்து விழுந்தது.

கேரித் தீவின் மண் கடலோரக் களிமண். கடல்நீர் ஏறாமல் இருக்க வரப்புப் போட்டு, வாய்க்கால் வெட்டி மீட்ட நிலம். இரவு மழை கொட்டினால் காலையில் தோட்டத்துச் சாலை வழுக்கும். சாலையோரம் குவிந்து கிடக்கும் குலைகளை, முனை கூரான இரும்புக் கம்பியால் குத்தித் தூக்கி லோரியில் வீசுவார்கள். ஒவ்வொன்றும் பத்துக் கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோவரை. குலையெல்லாம் முள். கீழே சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டியதையும் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஓட்டுநர் சும்மா புகைத்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். அவர் கண் டயரில் இருக்கும். இடது பக்கம் பாரம் கூடினால் அந்தப் பக்கத்து மண் உள்வாங்கும். வாய்க்கால் ஓரத்தில் நின்றபடி, “போதும், அந்தப் பக்கம் போடு” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை தவறினால் லோரி வாய்க்காலுக்குள். பிறகு ஆலை வாசலில் எடை மேடை. பாரத்தோடு ஒரு எடை, கொட்டிவிட்டு வெறும் லோரிக்கு ஒரு எடை. காய்ப்பு அதிகமான மாதங்களில் அங்கே வரிசை நீளும். காத்திருந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள். மகரந்தம் பரப்பும் வண்டு. அதுவரை கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த வேலை போயிற்று. குலையில் காய் நெருங்கிப் பிடித்துக் கனம் கூடியது. விஞ்ஞானிகள் பாராட்டப்பட்டார்கள், நியாயம்தான். கனம் கூடிய குலையை ஏற்றியவரும் ஓட்டியவரும் அந்தச் சரித்திரத்தில் இல்லை. உங்கள் அப்பா அப்போது தோட்டத்து லோரியில் இருந்திருந்தால், வண்டு வந்த பிறகு லோடு எப்படி மாறியது என்று கேட்டுப் பாருங்கள். விவசாயக் கல்லூரியில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

பலர் தோட்டத்தோடு நிற்கவில்லை. போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அடுத்த ஆண்டே அங்கே கொள்கலன் முனையம் வந்தது. இரும்புப் பெட்டி இழுக்க ஆள் வேண்டும் என்றபோது, வழுக்கும் களிமண்ணில் பழகியவர்கள் போய் நின்றார்கள். கிள்ளானில் 1961இல் திறந்த கோத்தா பாலம் இரண்டு அடுக்கு. மேலே வாகனம், கீழே நடப்பவரும் சைக்கிளும். மேல் அடுக்கில் லோரி ஓட்டியவர்களின் பிள்ளைகள் கீழ் அடுக்கில் பள்ளிக்கு நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தப் பாலத்தில் லோரி போவதில்லை. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டலாம், அவ்வளவுதான்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994இல். அதற்கு முன் பினாங்குக்குச் சரக்கு என்றால் பழைய சாலை. தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, ஈப்போ என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து வெளிவர வேண்டும். கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல்தான் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம் அது. அந்த வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரை நம்ப வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. ஒருவர் மற்றொருவருக்குச் சாப்பாட்டுக் கடையில் சொல்லிக் கொடுத்தது.

உங்களுக்கு நினைவிருப்பது வேறாக இருக்கும். பகலில் அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று அம்மா அடக்கியது. கழுவினாலும் போகாத டீசல் வாடை. பீடோரிலிருந்து கொய்யா, ஈப்போவிலிருந்து பம்பளிமாஸ், கூடவே எதற்கோ ஒரு திட்டு. தீபாவளிக்கு முந்தின இரவு வந்து சேர்வாரா என்று வாசலைப் பார்த்தது. பள்ளியில் பரிசு வாங்கிய அன்று வராத அப்பா என்று ஒரு குறை உங்களுக்குள் இன்னும் கிடக்கலாம். அந்தக் குறையும் நியாயமானதுதான். வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த காரணத்தாலேயே வீட்டில் இல்லாமல் போனவர்கள் அவர்கள். எல்லாருமே உத்தமர் என்றும் இங்கே வாதாடவில்லை. குடியால் குடும்பத்தை வதைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எழுதும்போது அதையும் எழுதுங்கள். வெள்ளையடித்த வாழ்க்கை யாருக்கும் உதவாது.

தோட்டத்து லோரி வெறும் குலை ஏற்றும் வண்டியாகவும் இருக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஆள் ஏற்றியது அதுதான். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தவளைக் கொண்டுபோனதும், வீடு மாறியவர்களின் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றியதும், சில வேளைகளில் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசென்றதும் அதே லோரிதான். ஆயுத பூசையன்று அந்த லோரிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தினார்கள். சாலையோர முனீஸ்வரருக்கு ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு தோட்டத்தின் மொத்த வாழ்க்கையும் ஏறி இறங்கிய பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவரை, “வெறும் லோரி டிரைவர்” என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

இந்த மடலை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2025 மே 13இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி ஒன்று போலீஸ் கலகத் தடுப்புப் படையின் வாகனத்தில் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் கிரிக் அருகே, அதே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர் பதினைந்து பேர் போனார்கள். நாடே கொதித்தது. கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாகும் நடைமுறை அந்த அக்டோபரில் தொடங்கியது. வரவேண்டியதுதான்; இன்னும் முன்னமே வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரங்களில் காப்பிக் கடையிலும் கைப்பேசியிலும் ஓடிய பேச்சைக் கேட்டீர்களா? லோரிக்காரன் என்றாலே எமன் என்ற பேச்சு. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்த உங்கள் அப்பா ஒன்றும் சொல்லாமல் சேனலை மாற்றியிருப்பார்.

அவரிடம் கேட்டிருந்தால் விசாரணைக் குழுவுக்கே பயன்படும் செய்தி கிடைத்திருக்கும். பாரம் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்தது யார்? டயர் மாற்றச் சொல்லி எத்தனை முறை கேட்டார், என்ன பதில் வந்தது? கூடுதல் லோடுக்குச் சமான், அதாவது அபராதம், வந்தால் கட்டியது நிறுவனமா, அவர் சம்பளமா? ‘முடியாது’ என்று சொன்னவருக்கு அடுத்த நாள் டிரிப் கிடைத்ததா? டிரிப்புக்கு இவ்வளவு காசு என்று கூலி வைத்த நாளிலேயே வேகம் உள்ளே வந்துவிட்டது. மெதுவாக ஓட்டினால் ஒரு டிரிப் குறையும், ஒரு டிரிப் குறைந்தால் பள்ளிக்கூடச் செலவு இடிக்கும். விபத்தில்லாமல் ஓட்டி முடித்து வீடு வந்தவர்களிடம்தான் இந்தத் தொழிலின் முழுப் பாடமும் இருக்கிறது. தப்பு செய்தவரின் பெயர் மட்டும் செய்தியில் வருகிறது. தப்பாமல் ஓட்டியவரிடம் யாரும் ஒலிவாங்கியை நீட்டுவதில்லை.

கேட்பாரற்று எப்போதும் கிடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்த வி.டேவிட்டை உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். 1959 தேர்தலில் பங்சார் தொகுதியை வென்றவர். 1987 லாலாங் நடவடிக்கையில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களில் ஒருவர். அப்பா சங்கத்தில் சேர்ந்தாரா, சந்தா கட்டினாரா, சேர வேண்டாம் என்று யாராவது மிரட்டினார்களா? உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு நாளாவது எழுந்ததுண்டா?

ஆவணம் எதுவும் இல்லையே என்பீர்கள். இருக்கிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். எந்த முதலாளி எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்று காட்டும் அந்தத் தாள்தான் பல லோரிக்காரர்களுக்கு இருக்கும் ஒரே வாழ்க்கை வரலாறு. எந்த ஆண்டு தோட்டத்தை விட்டார், எந்த ஆண்டு துறைமுகத்துக்குப் போனார் என்பது அதில் தெரியும். நடுவில் வெற்றிடமும் தெரியும். இன்றைய சட்டப்படி ஐயாயிரம் வெள்ளிவரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11. ஆனால் அது எந்தத் தொகைக்கு என்பதில்தான் விளையாட்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியை டிரிப் காசு, பயணப்படி என்று பிரித்துக் கொடுத்த நிறுவனங்கள் இருந்தன. மாதம் முழுக்க உழைத்தவரின் கணக்கில் கால்வாசி உழைப்புக்குத்தான் சேமநிதி ஏறியது. 55 வயதில் கைக்கு வந்த பணம் ஏன் ஒரு மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது என்று நீங்கள் அப்பாவைக் கேட்டிருப்பீர்கள். செலவாளி என்றுகூட மனதுக்குள் நினைத்திருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் வேறு என்று தெரியும்.

கூடவே தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, ‘இ’ வகுப்பு உரிமம், ஏதாவது ஒரு லோரியின் முன்னால் நின்று எடுத்த மங்கிய படம் இருக்கும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

நம் எழுத்தாளர்கள் சிலர் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். அ.ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்றே ஒரு நாவல் எழுதினார். பால்மரம் சீவியவர்களுக்கு மலேசியத் தமிழ்க் கதைகளில் நிறையவே இடம் கிடைத்தது. லோரிக்காரர் அந்தக் கதைகளில் பெரும்பாலும் ஓரமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விடுகிறார். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று மையம் 1979இல் தொடங்கி, சாதாரண மக்களின் குரலையும் பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டட்ஸ் டெர்க்கல் 1974இல் வெளியிட்ட ‘வொர்க்கிங்’ நூல் முழுக்கத் தொழிலாளர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவதுதான். அதில் லோரி ஓட்டுநரும் பேசுகிறார். நமக்கு மையமும் வேண்டாம், நூலும் பிறகு வரட்டும். கையில் இருக்கும் கைப்பேசி போதும்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். தீவில் பெரிய துறைமுகத் திட்டம் பற்றிய பேச்சு 2017 முதல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை வந்து பாதையெல்லாம் மாறிவிட்டது. லயங்கள் காலியாகிவிட்டன, அவற்றில் இருந்தவர்கள் தாமான் தாமானாகப் பிரிந்துபோனார்கள். இடம் மாறினால் இடத்தைப் பற்றிய பேச்சும் வற்றிவிடும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் உட்காருங்கள். “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கப்பா” என்று கேட்காதீர்கள். நான்கு சொல்லில் முடித்துவிடுவார். முதன்முதலில் ஓட்டிய லோரி என்ன மாதிரி, யார் சொல்லிக் கொடுத்தது, முதல் மாதச் சம்பளத்தை யார் கையில் கொடுத்தார், எந்த வளைவில் உயிர் போய் வந்தது என்று கேளுங்கள். முடிந்தால் தீவுக்குள் ஒரு சுற்று அழைத்துப் போங்கள். நீங்கள் காரை ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். பழைய ஆலைச் சாலை வந்ததும் வாய் தானாகத் திறக்கும். எதையும் திருத்தாமல் பதிவு செய்யுங்கள். மலாய் கலந்து பேசினால் அப்படியே இருக்கட்டும், கெட்ட வார்த்தை வந்தாலும் இருக்கட்டும்.

அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். அப்பா ரோட்டில் இருந்த இரவுகளில் வீட்டை நடத்தியவர் அவர்தான். எந்த மாதம் டிரிப் காசு வரவில்லை, எந்த நகை அடகுக்குப் போனது என்ற கணக்கு அவர் வாயில்தான் இருக்கிறது.

தமிழ்ப் பள்ளி மேலாளர் வாரியத்திலும் கோயில் நிர்வாகத்திலும் இருக்கும் உங்கள் கூட்டாளிகளிடம் பேசுங்கள். திருவிழா மலரில் நன்கொடையாளர் படம் போட இருபது பக்கம் ஒதுக்குகிறார்கள். பழைய ஓட்டுநர்களைப் பற்றி இரண்டு பக்கம் கேளுங்கள். பதிவின் ஒரு பிரதி பள்ளி நூலகத்திலும் இருக்கட்டும்.

அப்பா போய்விட்டவர்கள், இனி யாரைக் கேட்பது என்று விட்டுவிட வேண்டாம். அவரோடு கெலிண்டானாக ஏறிய ஒருவர் பந்திங் பக்கமோ கிள்ளான் பக்கமோ ஏதோ ஒரு தாமானில் இன்னும் இருக்கலாம். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத நூறு விஷயம் அவருக்குத் தெரியும். விலாசம் விசாரித்து, இந்த மாதத்துக்குள் போய்ப் பாருங்கள்.